ஈசானிய மூலையில ஒரு ஹீட்டர்

கடைச் சாவியை உங்க கையில கொடுத்தப்புறம் நான் வாயை மூடிக்கிட்டு வீட்ல உக்காரணும், அதுதான் முறை. ஆனா போன வாரம் சும்மா டீ குடிக்க வந்தேன் பாருங்க, அப்போ நீங்க மூணு பேரும் ஒரு கஸ்டமருக்கு மீன் தொட்டி ஹீட்டர் வித்த அழகைப் பாத்தேன். எத்தனை லிட்டர் டேங்க்னு கேட்டீங்க. மனசுலயே கணக்குப் போட்டீங்க. எடுத்துக் கொடுத்து அனுப்பிட்டீங்க. தப்புனு சொல்ல வரல. லிட்டருக்கு ஒரு வாட்னு நான் சொல்லிக் கொடுத்ததுதான் அது. ஆனா அந்த ஆளோட வீட்ல யார் யார் இருக்காங்கனு உங்கள்ல ஒருத்தர்கூட கேக்கல. வீட்டுக்குப் போயும் எனக்குச் சோறு இறங்கல. அதான் இன்னிக்கு உக்கார வெச்சுப் பேசறேன். போனையெல்லாம் உள்ள வைங்க.

மீன் கடைக்காரனுக்கு எதுக்கு அடுத்தவன் வீட்டுக் கதைனு நெனப்பீங்க. நானும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்தேன். எங்க குடும்பமே கண்ணாடி வேலைக் குடும்பம். ஜன்னலுக்கும் சாமி படத்துக்கும் கண்ணாடி வெட்டினவங்க நாங்க. நான் ஒருத்தன்தான் அதே கண்ணாடியை அஞ்சு பக்கம் ஒட்டித் தண்ணி ஊத்தி மீன் விட்டவன். அதனால எனக்கு டேங்க் தெரியும், தண்ணி தெரியும். மனுசங்களைத் தெரிஞ்சுக்கத்தான் ரொம்ப நாள் ஆச்சு.

இந்த ஊர்ல ஹீட்டர் விக்கறதே ஒரு கூத்து. சித்திரையில மலை பகல் பூரா சூட்டைக் குடிச்சிட்டு ராத்திரி நம்ம மேல கக்கும். அப்போ போய் ஹீட்டர்னு சொன்னா, "மீனே வெந்து கிடக்குது, நீ வேற ஏன் பாய் அடுப்பு மூட்டற?"னு மூஞ்சிக்கு நேரா சிரிப்பாங்க. நானும் சிரிச்சிட்டு விட்டுடுவேன். கார்த்திகை தீபம் முடிஞ்சு மார்கழி பொறக்கட்டும். அதே ஆளுங்க காதுல மப்ளரைச் சுத்திக்கிட்டு வந்து நிப்பாங்க. "பாய், மீன் மூலையில ஒண்டிக்கிட்டு நிக்குது, சாப்பிடவே மாட்டேங்குது." பகல் வெயிலை நம்பி ராத்திரிக் குளிரை மறந்துடறாங்க, அவ்வளவுதான் விஷயம்.

வந்தவங்களும் எல்லாரும் ஒரே மாதிரி இல்ல. ஒரு லாட்ஜ்காரரு, ரிசப்ஷன்ல சின்னதா ஒரு டேங்க் வெச்சிருந்தாரு. இருக்கறதுலயே பெரிய ஹீட்டரைக் கொடுனு பிடிவாதம். பெருசா இருந்தா சீக்கிரம் சூடாயிடுமாம். சொன்னேன், அய்யா, இதுக்குள்ள சூடு ஏறினதும் தானா அணைக்கற தெர்மோஸ்டாட்னு ஒண்ணு இருக்குது, அது என்னிக்காவது ஒட்டிக்கிட்டா ஹீட்டர் நிக்காம எரியும், சின்ன ஹீட்டர்னா தண்ணி மெதுவா ஏறும், நீங்க பாத்து அணைக்க நேரம் கிடைக்கும், பெருசுன்னா ஒரு மணி நேரத்துல குழம்பு வெச்சிடும்னு. "நீ விக்கறதுக்கா பேசற, விக்காம இருக்கறதுக்கா பேசற?"னு கேட்டாரு. கோவம் மூக்கு மேல வந்துடுச்சு. அவருக்கு விக்கவே இல்ல. வேற எங்கயோ வாங்கினாரு, அப்புறம் அந்த டேங்க்ல பிளாஸ்டிக் பூ வெச்சாரு. நான் ஒரு வார்த்தை கேக்கலையே.

சரி, வெட்டிப் பேச்சு போதும், விஷயத்துக்கு வரேன். இது நான் கடையை விடறதுக்குக் கொஞ்ச நாள் முன்ன நடந்தது.

வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால புதுசா வீடுங்க வந்திருக்குது இல்ல, அங்க ஒரு குடும்பம். வீட்டுக்காரரு கவர்ன்மென்ட் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவரு. தெருவுல எல்லாருக்கும் அவரு டிரைவர்தான், நானும் அப்படியே கூப்பிடுவேன். நல்ல மனுசன், அதிர்ந்து பேச மாட்டாரு. வீட்ல அவரு, அவரு சம்சாரம், மருமக பவித்ரா. மகன் பெங்களூர்ல வேலை, சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிடுவான்.

பவித்ரா போளூர்ப் பொண்ணு. கல்யாணமாகி வரும்போது பீரோ, கட்டிலோட ஒரு ஆஸ்கர் மீனையும் கொண்டு வந்துச்சு. ஆஸ்கர் உங்களுக்குத் தெரியும், ஒரு அடி நீளத்துக்கு வளரும், ஆளை அடையாளம் தெரிஞ்சுக்கும், கோவம் வந்தா கல்லைத் தூக்கி எறியும். அதுக்கு குண்டன்னு பேரு. காலேஜ் படிக்கறப்போ சுண்டு விரல் சைஸ்ல வாங்கி வளத்ததாம். குண்டனுக்கு நாலடி டேங்க் செஞ்சு அந்த வீட்டு ஹால்ல வெச்சுக் கொடுத்தது நான்தான். எங்க வைக்கணும்னு டிரைவர் முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிருந்தாரு. அவருக்கு வாஸ்து பாத்துக் கொடுக்கற ஆள் ஒருத்தர் இருந்தாரு. வடகிழக்கு, ஈசானிய மூலை, அது தண்ணிக்கு உரிய மூலை, அங்கதான் மீன் தொட்டி இருக்கணும்னு சொல்லியிருந்தாரு. ஜன்னல் பக்கம், காத்து வர்ற இடம். எனக்குப் பிடிக்கல, ஆனா அவங்க வீடு, அவங்க மூலை. வெச்சுக் கொடுத்தேன். குளிர் ஆரம்பிச்சப்போ டேங்குக்கு ஏத்த ஹீட்டரும் போட்டுக் கொடுத்தேன்.

தீபம் முடிஞ்ச கையோட பவித்ரா போன் பண்ணுச்சு. குண்டன் உடம்புல உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. போய்ப் பாத்தேன். தெர்மாமீட்டர் சரியா காட்டுது. ஹீட்டர்ல சிவப்பு லைட்டு எரியுது, சூடு வந்ததும் அணையுது, எல்லாம் ஒழுங்கு. மருந்து போட்டேன், தண்ணி மாத்தினேன். நாலு நாள்ல புள்ளி குறைஞ்சுது. அடுத்த வாரம் திரும்ப வந்துடுச்சு. திரும்பப் போனேன், திரும்ப எல்லாம் சரியா இருக்குது. இந்த நோய் எதனால வருதுனு உங்களுக்கே தெரியும். தண்ணி சில்லுனு இருந்தாகூட மீன் பழகிக்கும். ஒரு ராத்திரி சூடு, ஒரு ராத்திரி சில்லுனு ஆடிச்சுன்னா தாங்காது. இங்கதான் ஆட்டமே தெரியலையே, அப்புறம் எப்படி வருது? எனக்கு மண்டை காஞ்சு போச்சு.

அன்னிக்குக் கிளம்பும்போது பவித்ரா வாசல் வரைக்கும் வந்துச்சு. நிறை வயிறு இல்ல, ஆனா தெரியற வயிறு. மெதுவா கேட்டுச்சு, "பாய், சுவிட்சே இல்லாத ஹீட்டர் ஏதாவது இருக்குதா?"

"எல்லாமே பிளக்ல மாட்டறதுதாம்மா. சுவிட்ச் இல்லாம எப்படி?"னு சிரிச்சிட்டு வண்டியை எடுத்துட்டேன்.

கலெக்டர் ஆபீஸ் ரவுண்டானா தாண்டல, வண்டியை ஓரங்கட்டிட்டேன். இத்தனை வருஷத்துல சின்ன ஹீட்டர் கேட்டிருக்காங்க, சல்லிசா கேட்டிருக்காங்க, சத்தம் வராத ஹீட்டர்கூட கேட்டிருக்காங்க. சுவிட்ச் இல்லாததுனு எவனும் கேட்டது இல்ல. அந்தப் பொண்ணு ஹீட்டரைப் பத்திக் கேக்கல. சுவிட்சுல யாரோ கை வைக்கறாங்கனு சொல்லுது. வீட்டு ஆளைக் காட்டிக் கொடுக்க மனசு வராம, இப்படிச் சுத்தி வளைச்சு என்கிட்ட சொல்லுது. நாம கடையில நின்னு பேசறதுல பாதி இப்படித்தான் இருக்கும். கேக்கற கேள்வி பொருளைப் பத்தி இருக்கும், உள்ள கிடக்கறது வீட்டைப் பத்தி இருக்கும்.

நான் போனதெல்லாம் பகல் நேரத்துல. அந்த டேங்க் கெட்டுப் போறது ராத்திரியில. மறுநாள் விடிகாலை பஜர் தொழுகை முடிச்சதும் கடைக்குப் போகாம நேரா வேங்கிக்கால் போனேன். பனி கொட்டுது. மலை கண்ணுக்கே தெரியல. கோலம் போட்டுட்டு இருந்த வீட்டம்மா, "என்ன பாய் இந்நேரத்துல?"னு கேட்டாங்க. இந்தப் பக்கம் ஒரு வேலை, அப்படியே பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்னேன்.

ஹால்ல கால் வெச்சதும் கண்ணாடி மேல கையை வெச்சேன். சில்லுனு இருந்துச்சு. சுவிட்ச் மேல ஏறி இருந்துச்சு, அணைச்சிருக்காங்க. உள்ள பாத்தா குண்டன் அடியில ஒருக்களிச்சுப் படுத்திருக்குது. செவுள் மட்டும் ஆடுது.

பின்னாலயே பவித்ரா வந்துச்சு. பாத்ததும் அப்படியே உக்காந்துடும்னு பயந்தேன், ஆனா அது நேரா சமையல்கட்டுக்கு ஓடுச்சு. திரும்பி வரும்போது கையில குளிக்கக் காய வெச்ச வெந்நீர் அண்டா. ஆவி பறக்குது. அப்படியே டேங்க்ல ஊத்தப் போகுது.

"வைம்மா கீழே"னு கத்திட்டேன். அந்த வீட்ல அதுவரைக்கும் நான் குரலை ஒசத்தினதே இல்ல. டிரைவர் கொல்லைப் பக்கம் இருந்து ஓடி வந்தாரு.

இதை நல்லா மனசுல வைங்க. சில்லுனு கிடக்கற மீனைக் காப்பாத்தறேன்னு வெந்நீர் ஊத்தினவங்க கையாலதான் ஜாஸ்தி மீனுங்க செத்திருக்குது. சூடு ராத்திரி பூரா மெதுவா இறங்குச்சு. ஏறறதும் மெதுவாத்தான் ஏறணும். நமக்குப் பதட்டம், அதனால ஏதாவது ஒண்ணு உடனே செய்யணும்னு கை பரபரக்கும். அந்தப் பரபரப்பு நம்ம மனசுக்கு, மீனுக்கு இல்ல. அதோட வயித்துப் பிள்ளைக்காரி கொதிக்கற அண்டாவைத் தூக்கிக்கிட்டு ஈரத்தரையில நடக்குது. எனக்கு மீனைவிட அதுதான் திக்குனு இருந்துச்சு.

அண்டாவை நான் வாங்கிக் கீழ வெச்சேன். ஜன்னலைச் சாத்தினேன். ஹீட்டர் முழுசா தண்ணிக்குள்ள இருக்குதானு பாத்துட்டு சுவிட்சைப் போட்டேன். காத்து மோட்டாரை ஜாஸ்தி பண்ணினேன். டேங்க் மேல ஒரு போர்வையைப் போட்டேன். முடிஞ்சுது. இதுக்கு மேல செய்ய ஒண்ணும் இல்ல, உக்காந்து காத்திருக்கறதுதான் வேலை.

இப்பதான் நாக்கு நுனியில அந்தக் கேள்வி வந்து நிக்குது. "இதை யார் அணைச்சது?"

கேட்டிருக்கலாம். எனக்குக் கேக்கற கோவமும் இருந்துச்சு. ரெண்டு தடவை அலைய விட்டிருக்காங்க, மருந்து, உழைப்பு எல்லாம் வீண். ஆனா பவித்ரா தரையைப் பாக்குது. டிரைவர் சுவத்தைப் பாக்கறாரு. நான் கேட்ட அந்த நிமிஷமே ஒருத்தர் குத்தவாளி ஆயிடுவாரு. மீன் பொழைச்சாலும் பொழைக்காட்டியும், அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்ல ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கணும். நான் பைக்கை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். அதனால முழுங்கிட்டேன்.

"நீ போய்ப் படும்மா. மீன் என் பொறுப்பு. டிரைவர், நீங்க இங்க இருங்க, போர்வை நழுவாம பாத்துக்கணும்"னேன். போர்வை ஒண்ணும் நழுவாது. அவரைத் தனியா உக்கார வைக்கணும், அதுக்குத்தான்.

ரெண்டு பேரும் டேங்குக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்தோம். வீட்டம்மா காபி கொண்டு வந்து வெச்சிட்டுப் போனாங்க. அப்புறம் டிரைவரே ஆரம்பிச்சாரு.

"நான்தான் பாய் அணைச்சேன். தினமும் படுக்கப் போறப்போ அணைச்சிடுவேன். காலையில குளிச்சிட்டு வந்து போட்டுடுவேன்."

"ஏங்க?"

"நீங்க இந்த ஹீட்டரைப் போட்டப்புறம் வாஸ்துக்காரரு வந்தாரு. பாத்ததும் மூஞ்சியே மாறிடுச்சு. ஈசானியத்துல தண்ணி வெக்கச் சொன்னா அதுல நெருப்பையும் வெச்சிருக்கீங்களேனு கேட்டாரு. நெருப்புக்கு உரிய மூலை தென்கிழக்கு, இங்க வந்தா வீட்டுக்கு ஆகாது, அதுவும் வீடு தூங்கற நேரத்துல எரியவே கூடாதுன்னாரு. பொறக்கப் போற பிள்ளையைத்தான் முதல்ல பாதிக்கும்னு ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க." துண்டால மூஞ்சியைத் துடைச்சாரு. "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. போன வருஷம் ஒண்ணு மூணாம் மாசமே கலைஞ்சுடுச்சு. அந்தப் பொண்ணு ஒரு மாசம் சரியா பேசல பாய். என்னால அதைத் திரும்பப் பாக்க முடியாது. அதுகிட்ட சொன்னா பயந்துடும்னு சொல்லல. மீனும் சாகக்கூடாது, அதான் பகல்ல போட்டுட்டு ராத்திரி மட்டும் அணைச்சேன்."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்த வாஸ்துக்காரன் மட்டும் எதிர்ல இருந்திருந்தான்னா டேங்க்ல முக்கியிருப்பேன். பிள்ளைத்தாச்சி இருக்கற வீட்ல பேசற பேச்சா அது. ஆனா டிரைவரைப் பாத்து எனக்குக் கோவம் வரல. தூக்கம் கெட்டு, பயந்து, யார்கிட்டயும் சொல்ல முடியாம, மருமகளுக்காக மீனையும் மீனுக்காக மூலையையும் சரிக்கட்டிக்கிட்டு இருந்திருக்காரு பாவம்.

இங்க ஒரு விஷயம் யோசிங்க. நான் என்ன சொல்லியிருக்கணும்? வாஸ்துவெல்லாம் பொய்னு சொல்லலாம். அவங்க நம்பிக்கையைப் பத்திப் பேச எனக்கு வாய் கிடையாது, நான் வேற வீட்டுப் பிள்ளை. அப்படியே பேசினாலும் பயந்த மனுசனுக்கு அது ஏறாது. டேங்கை வேற மூலைக்கு மாத்திடலாம்னு சொல்லலாம். சாகக் கிடக்கற மீனை வெச்சுக்கிட்டு நாலடி டேங்கைக் காலி பண்ணி நகத்தினா அதோட கதை அன்னிக்கே முடிஞ்சிடும். நமக்குத் தெரிஞ்சது தண்ணியும் சூடும்தான். அதுக்குள்ளயே பேசணும்னு தோணுச்சு.

"டிரைவர், ஒண்ணு கேக்கறேன். அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்குது?"

"இதென்ன கேள்வி பாய். வயித்துல."

"வயித்துல எதுக்குள்ள?"

கொஞ்சம் யோசிச்சாரு. "தண்ணிக்குள்ளதான். பனிக்குடம்னு சொல்லுவாங்களே."

"அந்தத் தண்ணி சில்லுனு இருக்குமா, வெதுவெதுப்பா இருக்குமா?"

அவரு டேங்கையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நானும் அதுக்கு மேல பேசல. பேசியிருந்தா கெட்டுப் போயிருக்கும். காபி ஆறிப் போச்சு. வெளிய பால்காரன் வந்து போனான்.

"ராத்திரியானா அதை அணைக்கறது இல்ல, இல்ல?"னு அவரே மெதுவா கேட்டாரு, என்னைப் பாக்காம.

"அணைக்கறது இல்லைங்க."

எழுந்தாரு. உள் ரூம் வாசல்ல போய் நின்னு, "பவித்ரா, கொஞ்சம் வாம்மா"னு கூப்பிட்டாரு. அது படுக்கவே இல்ல போல, உடனே வந்துச்சு. நான் எழுந்து வெளிய போயிடலாம்னு பாத்தேன், அதுக்குள்ள அவரு பேசிட்டாரு.

"ராத்திரியில மீனோட ஹீட்டரை அணைச்சது நான்தாம்மா. நீ நம்பாட்டி போ, உன் நல்லதுக்குனுதான் செஞ்சேன்."

பவித்ரா ஒரு நிமிஷம் அவரையே பாத்துச்சு. "தெரியும் மாமா."

"தெரியுமா?"

"நடு ராத்திரியில பாத்ரூம் போக எழுந்திருப்பேன் இல்ல, அப்போ பாப்பேன். திரும்பப் போட்டுட்டு வந்து படுத்துப்பேன்."

டிரைவர் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாரு. "அப்போ நான் அணைச்சது எரியறதுக்குக் காரணம் நீதானா? நானும் எழுந்து பாக்கறேன், எரியுது. மறதியில அணைக்காம விட்டுட்டேன்னு நெனச்சுத் திரும்ப அணைச்சிட்டுப் படுப்பேன்."

உள்ள இருந்து வீட்டம்மா குரல் வந்துச்சு. "ரெண்டு பேரும் ராத்திரி பூரா மாத்தி மாத்தி நடந்தீங்களே, நான் வீட்ல என்னமோ உலாத்துதுனு எலுமிச்சம்பழம் வாங்கி வாசல்ல வெச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. நான் தேடின ஆட்டம் அதுதான். எவர் கடைசியா எழுந்தாங்களோ அவங்க கணக்குப்படி தண்ணி. ஒரு ராத்திரி மருமக ஜெயிச்சா மீனுக்குச் சூடு. மறு ராத்திரி மாமனார் ஜெயிச்சா மீனுக்குக் குளிர். ஒருத்தரை ஒருத்தர் நோகடிக்கக் கூடாதுனு ரெண்டு பேரும் வாயைத் திறக்காம நடுவுல குண்டனைப் போட்டு வாட்டியிருக்காங்க.

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?"னாரு டிரைவர்.

பவித்ராவுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "கேட்டா மீனே வேணாம்னு சொல்லிடுவீங்களோனு பயம் மாமா. போன தடவை அப்படி ஆனப்போ எனக்கு இருந்தது இது ஒண்ணுதான். அப்போ இதுகிட்ட உக்காந்துதான் அழுதேன். இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா, இதுக்கும் அப்படி ஆயிடும்னு..." வயித்து மேல கையை வெச்சுக்கிச்சு. முடிக்கல.

அந்த மனுசன் என்ன சொல்லுவாருனு நான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவரு டூல்ஸ் பெட்டியில இருந்து கருப்பு டேப்பை எடுத்துக்கிட்டு வந்து, ஹீட்டர் சுவிட்ச் மேல நாலு துண்டு ஒட்டினாரு. ஒட்டிட்டு அது பக்கத்துல உக்காந்து, "நீ போய்த் தூங்கும்மா. இனிமே ராத்திரி நான் எழுந்தா பாத்ரூமுக்கு மட்டும்தான் எழுந்திருப்பேன்"னாரு. பவித்ரா அழுதுக்கிட்டே சிரிச்சுது. எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு, மீன் இன்னும் நிமிரலேங்கறதுகூட மறந்துடுச்சு.

குண்டன் அன்னிக்கு உச்சி வேளைக்குத்தான் நிமிந்துச்சு. நான் அதுவரைக்கும் கிளம்பல, அவங்க வீட்லயே உப்புமா சாப்பிட்டேன். அடுத்த நாள் செவுள் சீராச்சு. புள்ளி கொட்ட இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு. ஒரு நாள் பவித்ரா வீடியோ அனுப்பிச்சு, கையில வெச்ச மீன் தீனியை குண்டன் தாவிப் புடுங்குது, விரலையும் சேத்துக் கடிச்சிடுச்சு, வலியில கத்தறதும் சிரிக்கறதும் கேக்குது. அப்புறம் நான் போய் அந்த ஒரு பெரிய ஹீட்டரை எடுத்துட்டு ரெண்டு சின்னதா போட்டேன், டேங்குக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு தண்ணியைச் சில்லிட விடாது. ஒண்ணு ஒட்டிக்கிட்டாலும் அது தனியா டேங்கை வேக வெக்க முடியாது. பெரிய டேங்குக்கு எப்பவும் அப்படித்தான் கொடுங்க. ஜாஸ்தியா விக்கப் பாக்கறான்னு கஸ்டமர் நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும்.

அதனாலதான் சொல்றேன். லிட்டர் கேளுங்க, வாட் கணக்கும் போடுங்க. அதோட, "வீட்ல ராத்திரி கடைசியா படுக்கறது யாரு, காலையில முதல்ல எழுந்திருக்கறது யாரு?"னு சிரிச்ச முகமா ஒரு வார்த்தை கேளுங்க. எல்லா வீட்லயும் ஒருத்தர் இருப்பாங்க, விளக்கு, ஃபேன், மோட்டார்னு ஒவ்வொண்ணா அணைச்சுக்கிட்டே போற ஆளு. அவரு கரண்டு மிச்சம் பண்ணுவாரு, இல்ல பயந்து அணைப்பாரு, இல்ல பழக்கத்துல அணைப்பாரு. ஹீட்டர் வாங்க வர்றது ஒருத்தர், அதை அணைக்கறது வேற ஒருத்தர். அந்த இன்னொருத்தரைக் கடைக்கு வர வெச்சு, அவர் கையிலயே ஹீட்டரைக் கொடுங்க. தப்பிச்சீங்க.

டிரைவருக்குப் பேத்தி பொறந்துச்சு. பொறந்த மறு வாரம் ஸ்வீட் பாக்ஸோட கடைக்கு வந்தாரு. மூஞ்சி பூரா பல்லு. உக்காந்தாரு, டீ குடிச்சாரு, கிளம்பறேன் கிளம்பறேன்னாரு, கிளம்பல. என்னமோ கேக்கணும்னு தவிக்கறாருனு தெரிஞ்சுது.

"பாய், ஹால்ல தூளி கட்டக் கொக்கி அடிக்கணும். எந்த மூலையில அடிக்கலாம்?"

"வாஸ்துக்காரரைக் கேக்கலையா?"

"உங்களைத்தான் கேக்கறேன்."

"ஃபேன் காத்து நேரா அடிக்காத இடமா பாத்து அடிங்க"னேன்.

கண்ணை மூடி ஹாலை மனசுக்குள்ள ஒரு சுத்து சுத்தி வந்தாரு. "அப்படிப் பாத்தா குண்டனுக்கு எதிர்லதான் வருது. பரவால்லையா?"

"பரவால்லைங்க"னேன். எழுந்து என் கையைப் பிடிச்சிட்டு, கொக்கி வாங்க எதிர் ஹார்டுவேர் கடைக்கு வேக வேகமா ரோட்டைத் தாண்டிப் போனாரு.